பழைய வரிசை வீடுகளின் புகைபோக்கி: லைனரும் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் 'டெரஸ் வீடு' என்று சொல்லப்படுவது, நம் ஊரில் அந்தப் பெயரால் நாம் குறிக்கும் காங்கிரீட் தளம் போட்ட வீடு அன்று. ஒரு தெரு முழுவதும் இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கிற, இரு பக்கச் சுவர்களையும் அண்டை வீடுகளோடு பகிர்ந்துகொள்கிற வரிசை வீடு அது. ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வால்தம்ஸ்டோ போன்ற இலண்டன் பகுதிகளில் தமிழர்கள் குடியிருக்கும் வீடுகளில் பல, விக்டோரியா காலத்திலோ எட்வர்டு காலத்திலோ கட்டப்பட்ட இத்தகைய வீடுகளே. அவற்றின் புகைபோக்கியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இதில் வரும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் தனி விதிகள் உண்டு.

இந்த வீடுகளில் புகைபோக்கி எப்படி அமைந்திருக்கிறது?

அறைக்கு ஒரு கணப்பு, அதாவது குளிர்காய நெருப்பு மூட்டும் சுவர்க்குழி, என்பது அக்கால வழக்கம். ஒவ்வொரு கணப்புக்கும் கூரைவரை செல்லும் தனிப் புகைவழி ஒன்று உண்டு. கீழ்த்தளக் கணப்பின் புகைவழி, மாடியறைக் கணப்பு குறுக்கிடும் இடத்தில் அதைச் சுற்றிக்கொண்டு வளைந்து மேலேறும். இரு வீடுகளுக்கும் பொதுவான சுவரில் இரு வீட்டுப் புகைவழிகளும் அக்கம்பக்கமாக ஏறி, கூரைக்கு மேலே ஒரே செங்கல் கூண்டில் சேர்கின்றன. தெருவில் நின்று பார்த்தால் கூண்டின் உச்சியில் நான்கோ ஆறோ எட்டோ சுடுமண் குழாய்கள் தெரியும். அவற்றில் பாதியளவு உங்களுடையவை, மீதி பக்கத்து வீட்டுக்காரருடையவை.

வழக்கமான புகைவழியின் உள்ளளவு சதுரமாக 9 அங்குலம். ஒரு புகைவழிக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது அரைச்செங்கல் கனமுள்ள தடுப்பு, அதாவது நாலரை அங்குலம். உங்கள் அடுப்பின் புகைக்கும் அண்டை வீட்டுப் படுக்கையறைக்கும் இடையில் பல வீடுகளில் இவ்வளவே காப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

நூறு ஆண்டு தாங்கிய புகைவழிக்கு இப்போது என்ன கேடு வந்துவிட்டது?

கட்டும்போது புகைவழியின் உட்பக்கத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். சில இடங்களில் அதோடு மாட்டுச் சாணமும் கலந்தார்கள். நம் வீட்டுத் தரையை மெழுகியவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். வெப்பத்தில் விரிந்து சுருங்கும்போது பூச்சு வெடிக்காமல் பிடித்துக்கொள்ள அது உதவியது.

அந்தப் பூச்சு மூன்று காலங்களைக் கண்டிருக்கிறது. முதலில் பல பத்தாண்டுகள் நிலக்கரி எரிந்து, அதிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் சாந்தை அரித்தது. 1952 டிசம்பரில் இலண்டனை மூடிய கொடிய புகைமூட்டத்துக்குப் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கரியை விட்டு எரிவாயுக்கு மாறியவர்கள் பழைய கணப்பிலேயே அறையைச் சூடாக்கும் கேஸ் அடுப்பைப் பொருத்தினார்கள். எரிவாயு எரியும்போது நீராவி நிறைய உண்டாகும். அது குளிர்ந்த, அகன்ற புகைவழியில் நீராகப் படிந்து, ஏற்கெனவே உப்பேறிய சாந்தை ஊறவைத்தது. பின்னர் மைய வெப்பமூட்டல் வந்ததும் கணப்புகள் பலகையால் அடைக்கப்பட்டு மறக்கப்பட்டன. இப்போது அதே புகைவழியைத் திறந்து, அறையைச் சூடாக்கும் மூடிய இரும்பு அடுப்பான விறகு ஸ்டவ்வை வைக்கிறோம். உள்ளே பூச்சு உதிர்ந்து, செங்கல் இடுக்குகளில் சாந்து மணலாகி, சில இடங்களில் தடுப்புச் செங்கலே விழுந்துகிடப்பதில் வியப்பில்லை.

லைனர் போடுவது கட்டாயமா?

லைனர் என்பது புகைவழியின் உட்புறத்தில் அமைக்கும் உள்ளுறை. 1965ஆம் ஆண்டின் கட்டட விதிகளுக்குப் பிறகு கட்டப்படும் புகைபோக்கிகளுக்கு அது வேண்டும். அதற்கு முந்தைய வீடுகளில், புகைவழி கசிவில்லாமலும், பொருத்தப்போகும் அடுப்புக்கு ஏற்ற அளவோடும் இருந்தால், லைனர் போட்டே ஆகவேண்டும் என்று விதி வற்புறுத்துவதில்லை. ஆனால் 'கசிவில்லை' என்பது சோதித்துச் சொல்ல வேண்டிய செய்தி. முன்பு குடியிருந்தவர் எரித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது சோதனை ஆகாது.

சோதனையில் தேறிய புகைவழியிலும் விறகு ஸ்டவ்வுக்கு லைனர் போடுவதே நல்லது என்பது என் கருத்து. 9 அங்குலச் சதுரப் புகைவழியின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 150 மி.மீ. குழாயின் பரப்பு. சிறிய ஸ்டவ்விலிருந்து வரும் மிதமான புகை அந்தப் பெரிய வெளியில் மெதுவாக ஊர்ந்து, குளிர்ந்து, மேலே போவதற்குள் தாராகப் படிந்துவிடும். லைனரின் பணி கசிவைத் தடுப்பது மட்டுமல்ல, புகையைச் சூடாகவும் வேகமாகவும் வைத்திருப்பதும் அதன் பணியே.

என் புகைவழி கசிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள் சில உண்டு. மாடியறையில் புகைபோக்கி ஏறும் சுவர்ப்புடைப்பின் மேல், தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை படிந்து, எத்தனை முறை வண்ணம் பூசினாலும் மறுபடி மேலே வருவது முதல் அறிகுறி. மழைநாளில் அறையில் பழஞ்சாம்பல் நெடி வீசுவது இன்னொன்று. கூரைக்கடியில் உள்ள லாஃப்டுக்கு ஏறி டார்ச் அடித்துப் பார்த்தால், செங்கல் இடுக்குகளிலிருந்து கரிக்கோடுகள் வழிந்திருப்பதைக் காணலாம்.

உறுதியாகச் சொல்வது புகைச்சோதனையே. முதலில் புகைவழியை நன்றாகத் துப்புரவு செய்து, சற்றே சூடேற்றுவார்கள். பிறகு அடியில் புகைவில்லையைக் கொளுத்துவார்கள். உச்சிக் குழாயில் புகை வரத் தொடங்கியதும் அதன் வாயை மூடி, கீழேயும் அடைத்துவிடுவார்கள். அடைபட்ட புகை எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே எட்டிப்பார்க்கும். வீட்டின் எல்லா அறைகளையும், லாஃப்டையும், பக்கத்து வீட்டு அறைகளையும் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆகவே முந்தைய நாளே அண்டை வீட்டுக் கதவைத் தட்டி, நாளைக்கு இன்ன நேரத்தில் சோதனை, உங்கள் மாடியறையையும் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுவைப்பது அவசியம்.

நான் உடனிருந்த ஒரு சோதனையில், எங்கள் பக்கத்தில் ஒரு இழைகூட வெளிவரவில்லை. எல்லாம் சரி என்று வேலையாள் எழுந்துவிட்டார். அப்போது பக்கத்து வீட்டு அம்மாள் வந்து அழைத்தார். அவருடைய பின்படுக்கையறையில், சுவரோரம் போட்டிருந்த குழந்தைக் கட்டிலுக்குப் பின்னால், சுவரடிப் பலகையின் மேல்விளிம்பிலிருந்து வெண்புகை நூல் பிரிவதுபோல் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அதை நேரில் பார்த்த பிறகு, லைனர் தேவையா என்ற விவாதத்தில் எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது.

கசியும் இடத்தையும் வளைவுகளின் நிலையையும் அறியச் சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பதும் பயனுள்ளது. ஆனால் அது புகைச்சோதனைக்கு மாற்றாகாது.

என் வீட்டில் எதையும் எரிப்பதில்லை. எனக்கும் ஆபத்து உண்டா?

உண்டு. தடுப்புச் செங்கல் விழுந்திருந்தால், அண்டை வீட்டாரின் கேஸ் அடுப்போ ஸ்டவ்வோ வெளியிடும் வாயு உங்கள் புகைவழிக்குள் நுழைந்து, அடைத்த கணப்பின் இடுக்கு வழியாக அறைக்குள் இறங்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அயர்வு என்று அது தரும் தொல்லைகள் காய்ச்சலைப்போல் தோன்றும். வீட்டைவிட்டு வெளியே போனால் குறைந்து, திரும்பி வந்தால் கூடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அப்படி இருந்தால் உடனே சன்னல்களைத் திறந்து, அடுப்புகளை அணைத்து, வெளியேறி, மருத்துவ உதவி கேளுங்கள்.

சில பழைய வரிசைகளில் பொதுச்சுவர் கூரைவரை எழுப்பப்படாமல், லாஃப்ட் மட்டும் வீட்டுக்கு வீடு திறந்தே கிடக்கும். அங்கே கசியும் வாயு எந்த வீட்டுக்கும் போகலாம்.

எத்தனை வகை லைனர்கள் உண்டு? எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய வரிசை வீடுகளில் பெரும்பாலும் போடப்படுவது வளையும் துருவேறா எஃகு லைனர். புகைவழியின் வளைவுகளுக்கு ஏற்ப அது இறங்கும் என்பதும், சுவரை உடைக்க வேண்டியதில்லை என்பதும் காரணங்கள். ஒருவர் கூண்டின் உச்சியில் நின்று லைனரை உள்ளே விட, இன்னொருவர் கீழே அதன் முனையில் கட்டிய கயிற்றை இழுத்து வழிநடத்துவார். லைனரின் மேல் அம்புக்குறி அச்சிடப்பட்டிருக்கும். உட்தகட்டின் மடிப்புகளில் ஈரம் தங்காமல் வழிந்து இறங்க வேண்டுமானால் அந்தக் குறி காட்டும் திசையிலேயே பொருத்த வேண்டும்; தலைகீழாகப் போட்டால் சில ஆண்டுகளிலேயே அரித்துவிடும். ஸ்டவ்விலிருந்து உச்சிவரை ஒரே துண்டாக இருக்க வேண்டும், நடுவில் ஒட்டுப்போடக் கூடாது.

எஃகில் 316, 904 என்று இரு தரங்கள் பேசப்படும். பின்னது அமில அரிப்பை அதிகம் தாங்கும். புகையில்லாக் கரி எரிப்பவர்களும், இரவு முழுவதும் நெருப்பை அமுக்கி வைப்பவர்களும் 904ஐத்தான் நாட வேண்டும். உலர்ந்த விறகை மட்டுமே நன்றாக எரிப்பவருக்கு 316 போதுமானதாக இருக்கலாம், ஆனால் விலை வேறுபாட்டையும் கூண்டுக்குச் சாரம் கட்டும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், நான் உயர்தரத்தையே வாங்குவேன். லைனரைச் சுற்றி வெர்மிகுலைட் என்னும் இலேசான காப்புத் துகளை நிரப்புவதோ காப்புறை சுற்றுவதோ புகையின் சூட்டைக் காக்கும்.

இன்னொரு முறை, புகைவழிக்குள் காற்றடைத்த நீண்ட ரப்பர் குழாயை நிறுத்தி, அதைச் சுற்றிலும் இலேசான காப்புக் காங்கிரீட்டை ஊற்றி, இறுகிய பின் ரப்பரை எடுத்துவிடுவது. நெடுங்காலம் நிற்கும், தளர்ந்த செங்கல்களையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் தடுப்பில் ஓட்டை இருப்பது தெரியாமல் ஊற்றினால் காங்கிரீட் அண்டை வீட்டுப் புகைவழிக்குள் பாயும். சுடுமண் அல்லது எரிமலைக்கல் துண்டுகளை அடுக்கும் முறையும் உண்டு. வளைவுள்ள இடங்களில் சுவரைத் திறக்க வேண்டியிருப்பதால், வீட்டையே புதுப்பிக்கும் வேளைக்குத்தான் அது பொருந்தும்.

பழைய கேஸ் அடுப்புக்குப் போட்ட லைனர் உள்ளே இருக்கிறது. அதையே விறகு ஸ்டவ்வுக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. கேஸ் லைனர் ஒற்றைத் தகடு. விறகுப் புகையின் வெப்பத்தையும் தாரையும் தாங்காது. அதைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும்.

எந்த அளவு லைனர்?

விறகு எரிக்கும் சாதாரண ஸ்டவ்வுக்கு 150 மி.மீ. புகைக்கட்டுப்பாட்டுப் பகுதியில் (வீட்டுப் புகைபோக்கியின் புகையைச் சட்டம் கட்டுப்படுத்தும் பகுதியில்) எரிக்க ஒப்புதல் பெற்ற 20 கிலோவாட்டுக்கு உட்பட்ட ஸ்டவ்வுக்கு, தயாரிப்பாளர் அனுமதித்தால் 125 மி.மீ. ஸ்டவ்வின் புகைவாயைவிடச் சிறிய லைனர் எப்போதும் கூடாது. திறந்த கணப்புக்கு இவை போதா. சிறிய கணப்புக்கே 200 மி.மீ. வேண்டும்.

கூண்டில் எது என் குழாய் என்று எப்படி அறிவது?

அசட்டையாக விடக்கூடாத கேள்வி இது. புகைவழிகள் உள்ளே வளைந்து செல்வதால், கீழே இடப்பக்கம் தொடங்கியது மேலே வலப்பக்கம் முடியக்கூடும். ஊகித்து மூடிபோட்டால் பக்கத்து வீட்டில் எரிந்துகொண்டிருக்கும் கேஸ் அடுப்பின் வாயை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. கீழிருந்து கம்பியோ புகையோ அனுப்பி, மேலே எந்தக் குழாயில் வருகிறது என்று கண்ணால் கண்ட பிறகே எந்த வேலையும் தொடங்க வேண்டும். வேலையாளிடம் இதைச் செய்தீர்களா என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தை எங்கே வைப்பது?

அடுப்பு இருக்கும் அறையிலேயே, அடுப்பிலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டர் தொலைவில். அறையின் உட்கூரையில் பொருத்தினால் சுவர்களிலிருந்து 300 மி.மீ.யாவது தள்ளியும், சுவரில் பொருத்தினால் கதவு சன்னல்களுக்கு மேலேயும், ஆனால் உட்கூரையிலிருந்து 150 மி.மீ.யாவது கீழேயும் இருக்க வேண்டும். இந்த வாயு கனமானது, தரையோரம்தான் தேங்கும் என்று சிலர் சொல்வது தவறு. அது காற்றைவிடச் சற்றே இலேசானது, சூட்டோடு வரும்போது மேலேதான் போகும். புகைவழி ஏறும் படுக்கையறையிலும் ஒன்று வைப்பது நல்லது.

அறைக்குத் தனியே காற்றுத்துளை வேண்டுமா?

பழைய வீட்டில் 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஸ்டவ்வுக்கு, மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மி.மீ. நிலையான காற்றுத்துளை வேண்டும். குளிர் வருகிறதே என்று அதைத் துணியடைத்து மூடுபவர்கள் உண்டு. அது தன் மூக்கைத் தானே பொத்துவதற்குச் சமம்.

நம் வீடுகளில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. மீன் பொரிக்கவும் தாளிக்கவும் வலுவான புகையுறிஞ்சி மின்விசிறி வைத்திருப்போம். நடுச்சுவரை எடுத்துச் சமையலறையையும் கூடத்தையும் ஒன்றாக்கிய வீட்டில் அந்த விசிறி முழுவேகத்தில் ஓடினால், வெளியேற வேண்டிய புகையைப் புகைபோக்கி வழியே அறைக்குள் இழுத்துவிடும். ஆகவே விசிறியை முழுவேகத்தில் ஓடவிட்டு, ஸ்டவ்வின் புகை பின்வாங்குகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்வது?

விறகு எரித்தால், எரிக்கும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நிலக்கரிக்கு ஆண்டுக்கு இருமுறை. புகையில்லாக் கரி, எரிவாயு, எண்ணெய் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது. லைனர் இருந்தாலும் இது மாறாது. குளிர்காலம் முடிந்ததும் ஒருமுறை செய்வது மிக முக்கியம்; கோடை முழுவதும் கரிப்படிவு ஈரத்தை உறிஞ்சி எஃகை அரித்துக்கொண்டிருக்கும்.

எதை எரிக்கலாம்?

ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு உட்பட்ட விறகு. வெட்டிய ஈரவிறகைச் சிறு அளவில் விற்பதற்கு இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல் கட்டுப்பாடு உண்டு. இலண்டனின் பெரும்பகுதி புகைக்கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே ஒப்புதல் பெற்ற ஸ்டவ்வில் மட்டுமே விறகு எரிக்கலாம். வண்ணம் பூசிய பழைய பலகை, உடைந்த தளவாடம் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

புகைவழிக்குள் தீப்பிடித்தால்?

இரயில் வருவதுபோன்ற இரைச்சல் கேட்கும், கூண்டின் உச்சியில் பொறி பறக்கும். அவசர உதவி எண்ணான 999ஐ அழையுங்கள். ஸ்டவ்வின் காற்றுவாய்களை மூடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடேறிய செங்கலும் இரும்பும் வெடிக்கும். எல்லோரையும் வெளியேற்றுங்கள், அண்டை வீட்டாரையும் எழுப்புங்கள், ஏனென்றால் சூடேறும் சுவர் அவர்களுடையதும்தான். தீ அணைந்த பின், சோதித்து முடியும்வரை மறுபடி பற்றவைக்கக் கூடாது.

பயன்படாத கணப்பை நிரந்தரமாக அடைத்துவிடலாமா?

அடைக்கலாம், ஆனால் மூச்சுவிட இடம் வேண்டும். கீழே சிறு காற்றுச்சல்லடையும், மேலே மழையைத் தடுத்துக் காற்றை விடும் மூடியும் இருந்தால் உள்ளே ஈரம் கட்டாது. கணப்புக் குழியில் அலமாரி வைத்துச் சாமிப்படம் மாட்டியிருப்பவர்களும் சல்லடையை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடி போடுவதற்கு முன் பறவைக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்டா என்னும் சிறு காக்கை புகைபோக்கியில் கூடு கட்டும். பயன்பாட்டில் உள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சுவர்ப்புடைப்பை இடித்து அறையைப் பெரிதாக்கலாமா?

கட்டட அனுமதி இல்லாமல் செங்கல் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். கீழே இடித்துவிட்டால் மேலே உள்ள புடைப்பும், கூரைக்கு மேலுள்ள கனமான கூண்டும் எதன்மேல் நிற்கும்? கட்டுமானப் பொறியாளர் கணக்கிட்ட தாங்கு அமைப்பு வேண்டும். பொதுச்சுவரில் கைவைப்பதால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு இரண்டு மாதம் முன்னதாக எழுத்துமூலம் அறிவிக்கவும் வேண்டும். முன்பிருந்தவர் இடித்துவிட்டுப் போன வீட்டை வாங்குபவர், லாஃப்டில் ஏறி எஞ்சிய செங்கல் எதில் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது. இரண்டு மரச்சட்டங்களில் நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

வாடகை வீட்டில் பொறுப்பு யாருடையது?

உரிமையாளருடையது. 2022 அக்டோபர் 1 முதல், சமையல் கேஸ் அடுப்பைத் தவிர, எரிபொருள் எரிக்கும் நிலையான சாதனம் உள்ள ஒவ்வொரு வாழும் அறையிலும் அவர் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்க வேண்டும். கேஸ் சாதனங்களையும் அவற்றின் புகைவழியையும் ஆண்டுதோறும் சோதித்துச் சான்றின் படியைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டும்.

வேலையை யாரிடம் ஒப்படைப்பது? என்ன தாள்களைக் கேட்டு வாங்குவது?

விறகு, கரி சார்ந்த வேலைக்கு ஹெட்டாஸ் (HETAS) என்னும் அமைப்பில் பதிவு பெற்றவர்; எரிவாயுவுக்குக் கேஸ் சேஃப் (Gas Safe) என்னும் பதிவேட்டில் பதிவு பெற்றவர். லைனர் மாற்றுவது கட்டட விதிகளுக்கு உட்பட்ட வேலையாதலால், பதிவு இல்லாதவர் செய்தால் உள்ளாட்சி மன்றத்துக்கு முன்கூட்டியே அறிவித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். தெரிந்தவர், குறைந்த கூலி என்று வரச்சொல்லிவிட்டு, வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் கேட்கும் சான்றிதழுக்கு அலைபவர்கள் பலர்.

வேலை முடிந்த நாளிலேயே இணக்கச் சான்று, புகைச்சோதனை முடிவு, லைனரின் உத்தரவாதத் தாள் ஆகிய மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். லைனரின் வகை, அளவு, எந்த அடுப்புக்கு உரியது, பொருத்திய நாள் ஆகியவற்றைக் குறிக்கும் அறிவிப்புத் தகடு ஒன்றையும் அவர் வைக்க வேண்டும். கணப்பின் அருகிலோ, மின்பெட்டியின் பக்கத்திலோ, வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் திருகுக் குழாயின் பக்கத்திலோ அது இருக்கும். வீடு வாங்கப் போகிறவர் முதலில் தேட வேண்டியதும் அந்தத் தகட்டைத்தான்.